.22 பிஸ்டலுக்கு மாறும் மகளுக்கு எந்த இயர் பிளக் வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டு வருகிறாள். அடுத்த மாதம் முதல் ரைபிள் கிளப்பில் 25 மீட்டர் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கு மாற்றுகிறார்கள். “இயர் பிளக் வாங்கிட்டு வந்துடுங்க சார்” என்று மட்டும் கோச் சொன்னார். ஆன்லைனில் பார்த்தால் என்.ஆர்.ஆர். 25, 29, 33 என்று ஏதேதோ போட்டிருக்கிறது. பத்து ரூபாய்க்கும் இருக்கிறது, பல ஆயிரத்துக்கும் இருக்கிறது. ஒரு டப்பா ஃபோம் பிளக் வாங்கினேன். இடது காதில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது என்கிறாள். கோச் சொல்வது கேட்காமல் போகுமே என்ற பயமும் அவளுக்கு இருக்கிறது. வீட்டில் இருக்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் போதாதா? நான் பின்னால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன், எனக்கும் ஏதாவது வேண்டுமா? கல்லூரியில் என்.சி.சி. ஃபயரிங் முடிந்ததும் இரண்டு நாள் காதில் ‘ஙொய்’ என்ற சத்தம் இருந்தது. இப்போதும் இரவில் எல்லாம் அடங்கியபின் லேசாகக் கேட்கிறது.
— ஒரு தந்தை, மதுரை

செவித்திறன் நிபுணரின் பதில்:

ஐயா, வாங்கிய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதை வைக்கும் முறையில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மகளுக்கு உள்ளே ஒரு ஃபோம் பிளக், அதற்கு மேல் காதை முழுதாக மூடும் கிண்ண வடிவ இயர் மஃப் ஒன்று, ஆக இரண்டும் வேண்டும். உங்களுக்குக் குறைந்தபட்சம் இரண்டில் ஒன்று வேண்டும். இயர்பட்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. ஏன் என்பதையும், கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் விவரமாகச் சொல்கிறேன்.

ஏர் பிஸ்டலில் அழுத்தப்பட்ட காற்று குண்டைத் தள்ளுகிறது. .22-ல் வெடிமருந்து எரிந்து, சூடான வாயு குழல் வாயிலிருந்து ஒரேயடியாக வெடித்து வெளியேறுகிறது. அந்தச் சத்தத்தின் உச்சம் சுடுபவரின் காதருகே சுமார் 150 டெசிபெல். .22 ரைபிளில் குழல் நீளம், வாய் காதிலிருந்து தள்ளி இருக்கும், அதனால் சற்றுக் குறைவு. 140-ஐ ஒட்டி நிற்கும். பிஸ்டலில் குழல் குட்டை. 9 எம்.எம். பிஸ்டலும் 12 போர் (bore) ஷாட்கன்னும் 150-ஐத் தாண்டி 160-ஐத் தொடும். “.22 தானே, சின்னக் குண்டு” என்று ரேஞ்சில் பலரும் சொல்வார்கள். குண்டின் அளவைக் காது பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு 140 டெசிபெல் உச்சமும், குழந்தைகளுக்கு 120 டெசிபெல் உச்சமும் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் காதுக்கும் ஒரு தற்காப்பு உண்டு. பலத்த சத்தம் கேட்டதும் நடுக்காதில் உள்ள சிறு தசைகள் இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். அந்தத் தசை இறுகி முடிக்க நூறு மில்லி விநாடி வரைகூட ஆகும். துப்பாக்கி வெடியோ சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அடி விழுந்த பிறகுதான் கதவு மூடுகிறது. உள்காதில் நத்தை வடிவக் குழலுக்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அவை ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மேல்ஸ்தாயிப் பகுதி. பேச்சு காதில் விழும், ஆனால் வார்த்தை தெளிவாக இராது. அதனால் பாதிப்பு ஆரம்பமானது பல வருடம் தெரியவே தெரியாது.

இனி அந்த எண்கள். பிளக்கோ மஃபோ எத்தனை டெசிபெல் சத்தத்தைக் குறைக்கிறது என்று சொல்பவை அவை. என்.ஆர்.ஆர். அமெரிக்க முறை, எஸ்.என்.ஆர். ஐரோப்பிய முறை. ஒரே பிளக்குக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும். 3எம் 1100 என்ற ஆரஞ்சு நிற ஃபோம் பிளக்கில் என்.ஆர்.ஆர். 29, எஸ்.என்.ஆர். 37 என்று இருக்கும். ஹோவர்ட் லைட் மேக்ஸ் பிளக்கில் என்.ஆர்.ஆர். 33, எஸ்.என்.ஆர். அதே 37. ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் 37 என்றும் இன்னொருவர் 29 என்றும் போட்டிருந்தால் முதலாவது உசத்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வகை எண்ணை ஒரே வகை எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். எந்த எண்ணும், எந்தத் தரக் குறியீடும் இல்லாத பிளக்கை வாங்கவே வாங்காதீர்கள். இ.என். 352-2 என்றோ, என்.ஆர்.ஆர். கட்டத்தோடு ஆன்சி எஸ்3.19 என்றோ பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும்.

அந்த எண் கிடைப்பது ஆய்வுக்கூடத்தில். பயிற்சி பெற்ற ஆள் பிளக்கை ஒழுங்காக வைத்துக்கொண்டு உட்கார, சீரான சத்தத்தை எழுப்பி அளக்கிறார்கள். வெளியே வந்தால் கதை மாறிவிடும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஃபோம் பிளக்கின் என்.ஆர்.ஆர். எண்ணில் பாதியைக் கழித்துவிடச் சொல்கிறது. ரப்பர் அடுக்குப் பிளக் போன்ற மற்ற வகைகளுக்கு 70 சதவீதத்தைக் கழிக்க வேண்டும், மஃபுக்குக் கால் பங்கைக் கழிக்க வேண்டும். அமெரிக்கப் பெட்டிகளில் பொடி எழுத்தில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கும்: இந்த எண் சீரான சத்தத்தை வைத்து அளந்தது, துப்பாக்கி வெடி போன்ற திடீர்ச் சத்தத்துக்கு இதை அப்படியே நம்பக் கூடாது.

ஆகவே, 33 எண் கொண்ட ஃபோம் பிளக்கை ஏனோதானோ என்று வைத்தால் பதினாறு, பதினேழு டெசிபெல்தான் கையில் நிற்கும். 150-ல் அதைக் கழித்தால் 133 அல்லது 134. பெரியவர் ஒருவருக்கு வரம்புக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். வளரும் பிள்ளைக்குச் சொல்லப்பட்ட 120-க்கு அது வெகு மேலே. இது மனக்கணக்குத்தான், வெடிச் சத்தத்தில் துல்லியமாக இப்படி வராது. என்றாலும் மகளுக்கு இரட்டைக் காப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அவள் ஒருத்தி சுடும் குண்டுகள் மட்டும் கணக்கில்லை. ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் போட்டியில் ஒருவருக்கு 60 ஷாட். பத்து லேனிலும் ஆள் நின்றால் ஒரு சுற்றில் 600 வெடி. பக்கத்து லேனின் பிஸ்டல் அவள் காதிலிருந்து அதிக தூரத்தில் இருக்கப் போவதில்லை. மேலே தகரக் கூரையும் பக்கவாட்டில் கான்கிரீட் சுவரும் இருந்தால் எதிரொலி வேறு சேரும்.

இரண்டையும் போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ள முடியாது. பெரிய எண்ணோடு சுமார் 5 சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதைப் போட்டாலும் 40, 50 டெசிபெல்லுக்கு மேல் குறையாது, மண்டையோட்டு எலும்பு வழியாகவே சத்தம் உள்காதுக்குப் போய்விடும். 5 தானே என்று விட்டுவிட வேண்டாம். இரட்டைக் காப்பின் பெரிய பலனே வேறு: பிளக் தளர்ந்துபோன நொடியிலும் மஃப் நிற்கும், மஃப் சற்று விலகினாலும் பிளக் நிற்கும்.

தளர்வு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. அமெரிக்க ராணுவத்துக்கு 2003 முதல் 2015 வரை விற்கப்பட்ட காம்பாட் ஆர்ம்ஸ் என்ற இருமுனைப் பிளக், சிலருடைய காதில் வெளியே தெரியாத அளவுக்குத் தளர்கிறது, அதன் தண்டு நீளம் போதாது என்று குற்றம் சாட்டி லட்சக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் வழக்குப் போட்டார்கள். தயாரிப்பாளரான 3எம் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள இசைந்தது. பெட்டியில் எண் இருந்தது, காதில் பொருந்தவில்லை என்பதுதான் அங்கே வழக்கு. நீங்கள் கடையில் நிற்கும்போது 29-ஆ 33-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நன்றாகப் பொருந்திய 25, பாதி வெளியே நிற்கும் 33-ஐவிடக் காக்கும்.

இப்போது இடது காது. ஃபோம் பிளக் ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறது என்றால் அது உள்ளே போகவே இல்லை, வாயிலில் ஒட்டிக்கொண்டு நின்றது என்று பொருள். வைக்கும் முறை இது. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். பிளக்கைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் வைத்து, முதலில் மெதுவாக, பிறகு அழுத்திக்கொண்டே உருட்ட வேண்டும். மடிப்போ சுருக்கமோ விழாமல், முடிந்தவரை ஒல்லியான குச்சியாக வர வேண்டும். நசுக்கித் தட்டையாக்கினால் மடிப்பு விழும், விரிந்த பிறகு அந்த மடிப்பே சத்தம் புகும் வாய்க்காலாகிவிடும். இடது காதுக்கு வைக்கும்போது வலது கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுவந்து, இடது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னாலும் இழுக்க வேண்டும். காதுத் துவாரம் நேராக இருப்பதில்லை, வளைந்து போகிறது. இழுத்தால்தான் நேராகும். இழுத்த கையை விடாமல் இடது கையால் பிளக்கை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 30 விநாடி தள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு ஐந்து விநாடியில் விரலை எடுத்தால் பிளக் விரியும்போது தானே வெளியே நகரும். உங்கள் மகளுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது காதில் கை சரியாக வராது. ஒரு வாரம் வீட்டில் தினமும் பழகினால் வந்துவிடும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு. கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தால் பிளக்கின் முனை தெரியக் கூடாது. காது வாயிலில் உள்ள சிறு சதைக்கு உள்ளே அடங்கியிருக்க வேண்டும். அடுத்து, சமையலறையில் மிக்ஸியை ஓட விட்டு, இரண்டு உள்ளங்கையையும் காதின் மேல் இறுகப் பொத்தி எடுங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் பிளக் நன்றாக அடைத்திருக்கிறது. பொத்தியதும் சத்தம் சட்டென்று குறைந்தால் கசிவு இருக்கிறது. மூன்றாவது, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். இரண்டு காதிலும் ஒரே அளவு கனத்துக் கேட்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வேறுபட்டால் அங்கே எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். “என் மூச்சும் இதயத் துடிப்பும் பெரிசாக் கேக்குது, கவனம் சிதறுது” என்று சொல்லிப் பல பிள்ளைகள் பிளக்கை வேண்டுமென்றே மேலோட்டமாக வைப்பார்கள். உண்மையில் ஆழமாக வைக்க வைக்கத்தான் அந்தச் சத்தம் குறையும்.

இவ்வளவும் செய்தும் இடது காதில் நிற்கவில்லையா? அப்போது அளவு பிரச்சினை. ஒரே ஆளுக்கு இரண்டு துவாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வயதுப் பெண்களில் பலருக்குத் துவாரம் சிறியது, நிலையான அளவுப் பிளக் அங்கே முழுதாக நுழையாது. ஹோவர்ட் லைட் வகையில் மேக்ஸ் லைட் என்று சிறிய காதுக்கென்றே ஒன்று இருக்கிறது, என்.ஆர்.ஆர். 30. அது காதில் தரும் அழுத்தமும் குறைவு. ஒரே பிளக்கை நூறு ஜோடி வாங்குவதைவிட, நாலு வகையில் நாலு நாலு ஜோடி வாங்கி எது நிற்கிறது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு வேறொன்று என்று முடிந்தாலும் தவறே இல்லை.

ஃபோம் உருட்டவே வரவில்லை என்றால் மூன்றடுக்கு ரப்பர் பிளக் இருக்கிறது. 3எம் அல்ட்ராஃபிட் அந்த வகை, என்.ஆர்.ஆர். 25. தண்டைப் பிடித்து நேராகச் செலுத்தலாம், சோப்புத் தண்ணீரில் கழுவி மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். விரலில் மருந்துக் கரி படிந்திருந்தாலும் பிளக்கின் உடலைத் தொடாமல் வைக்க முடிவது பெரிய வசதி. ஆனால் காதின் வளைவுக்கு ஏற்ப அது விரிந்து கொடுக்காது. ஒரு அடுக்கு மடங்கினாலும் கசியும். தனியாக அதை மட்டும் நம்ப வேண்டாம், மேலே மஃப் இருந்தால் சரி.

காதுக்கு அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் பிளக் பற்றிக் கடைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். நல்ல அச்சாக இருந்தால் அருமையான பொருள், தினமும் சுடுபவருக்கு வசதி. செவிப்பறையைக் காக்க உள்ளே ஒரு சிறு பஞ்சுத் தடுப்பை வைத்துவிட்டு, துவாரத்தின் இரண்டாவது வளைவைத் தாண்டி சிலிக்கான் பசை போகும்படி அச்சு எடுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்த நிலையிலும் எடுத்திருக்க வேண்டும். தாடை அசையும்போது துவாரத்தின் வடிவம் மாறும், வாயை மூடி எடுத்த அச்சு பேசினாலே தளர்ந்துவிடும். ஆனாலும் 16 வயதில் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. காது இன்னும் வளரும், ஓரிரு வருடத்தில் மறுபடி செய்ய வேண்டி வரும். கச்சேரிக்கு, பைக் ஓட்டுவதற்கு என்று விற்கும் ‘ஹை ஃபிடெலிட்டி’ பிளக்குகளையும் விட்டுவிடுங்கள், அவை 15, 20 டெசிபெல் குறைப்பதற்காகவே செய்யப்பட்டவை. சிறு துளை வைத்து, பேச்சை விட்டு வெடியை மட்டும் தடுக்கும் ஃபில்டர் பிளக் என்றும் வருகிறது. திறந்த வெளியில் எப்போதாவது ஒரு ஷாட் கேட்கும் வேட்டைக்காரர்களுக்கு அது பயன்படும். பத்துப் பேர் வரிசையாகச் சுடும் கூரைக்குள் அது ஒத்துவராது.

மஃபுக்கு வருவோம். ரைபிளும் ஷாட்கன்னும் சுடுபவர்களுக்குத் துப்பாக்கியின் கட்டை கன்னத்தில் உட்காரும், பருமனான மஃப் அதில் இடிக்கும், அதனால் ஒல்லியான மஃப் தேட வேண்டியிருக்கும். பிஸ்டலில் அந்தத் தொல்லை இல்லை, முழு அளவுக் கிண்ணம் வைத்ததை வாங்கலாம். ஆனால் ஆகக் கனமானதும் வேண்டாம். பெல்ட்டர் எக்ஸ்5ஏ என்.ஆர்.ஆர். 31 தருகிறது, எடையோ 350 கிராம். ஒரு மணி நேரம் தலையை அசைக்காமல் நிற்கும் பிள்ளைக்குக் கழுத்து வலி தொடங்கினால் மஃபைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வாள். உள்ளே பிளக் இருப்பதால் 22 முதல் 27 வரை எண் உள்ள நடுத்தர மஃபே போதும்.

மஃபில் கசிவு வரும் இடங்கள் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். கம்மல், ஜிமிக்கி, தோடு எதுவானாலும் ரேஞ்சுக்குப் போகும்முன் கழற்றிவிட வேண்டும். கிண்ணம் அழுத்தினால் மடலும் வலிக்கும், மெத்தையும் ஒட்டாது. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி இறுகப் பின்னிக்கொள்ள வேண்டும். தலைத்துணி போடுபவர்கள் மஃபைத் துணிக்கு அடியில் வைக்க வேண்டும், துணிமேல் வைக்கக் கூடாது. ஷூட்டிங் கண்ணாடியின் கம்பி தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும், சில டெசிபெல் அங்கேயே போய்விடும், ஆகவே கம்பி மெல்லியதாக இருக்கட்டும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் அதுவும் வியர்வையும் சேர்ந்து மெத்தையின் உறையைக் கெட்டியாக்கி வெடிக்க வைக்கும். பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், காரின் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். மெத்தையை மட்டும் தனியாக மாற்றும் கிட் கிடைக்கிறதா என்று பார்த்து மஃப் வாங்குங்கள். தொடர்ந்து பயிற்சி எடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

கோச் குரல் கேட்காது என்ற பயம் நியாயமானது. குரல் அடங்கிக் கேட்குமே தவிர மறைந்து போகாது. ரேஞ்ச் ஆபீசர் மைக்கில் தரும் ‘லோட்’, ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாப்’ ஆகியவை இரட்டைக் காப்புக்குள்ளும் வந்து சேரும். வேகமாகச் சுடும் ‘ராப்பிட்’ பகுதியில் 3 விநாடி பச்சை, 7 விநாடி சிவப்பு என்று விளக்குதான் வழிநடத்துகிறது, அங்கே கண் வேலை செய்தால் போதும். கோச்சிடம் நீங்களே பேசி இரண்டு விஷயத்தை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சுடும் நேரத்தில் கை சைகை மட்டும், பின்னாலிருந்து பேச்சு வேண்டாம். விளக்கிச் சொல்ல வேண்டியதை எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்து ரேஞ்ச் மூடிய பிறகு, மஃபை மட்டும் தள்ளிவிட்டுப் பிளக் காதில் இருக்க, முகத்துக்கு நேரே நின்று சொல்லட்டும். “ஒரு நிமிஷம், என்ன சொன்னீங்க?” என்று பிளக்கைப் பிடுங்கும் அந்த நொடியில்தான் பக்கத்து லேன்காரர் சுடுவார்.

மைக் வைத்த எலக்ட்ரானிக் மஃப் மெல்லிய பேச்சைப் பெரிதாக்கித் தரும், பலத்த சத்தம் வந்ததும் ஒலிபெருக்கியை அடக்கிவிடும். காப்பது அதன் கிண்ணமும் மெத்தையும்தான், பேட்டரி தீர்ந்தாலும் அந்தக் காப்பு போகாது. கோச்சுக்கும் உங்களுக்கும் அது ஏற்ற பொருள். மகளுக்கு வாங்க வேண்டாம். சர்வதேச விதிகளின்படி போட்டியில் வீரர்கள் ஒலிவாங்கும் கருவி உள்ள காப்பைப் போட முடியாது. பயிற்சியில் அதற்குப் பழகிவிட்டுப் போட்டியன்று சாதா மஃபுக்கு மாறினால் தடுமாற்றம்தான் மிச்சம்.

இயர்பட்ஸ் விஷயம். நாய்ஸ் கேன்சலிங் வேலை செய்வது விமான இரைச்சல், ஏசி இரைச்சல் போலத் தொடர்ந்து ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தின் மேல். எதிர் அலையை உருவாக்க அதற்கு நேரம் வேண்டும், வெடிச் சத்தம் அதற்குள் முடிந்துவிடும். காப்புக் கருவியாக அதைச் சோதித்து எண் கொடுத்தவர் யாரும் இல்லை என்றால் அது காப்பு இல்லை. பஞ்சும் அப்படியே. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுடுவது இன்றும் நடக்கிறது. காற்று போகும் எதன் வழியாகவும் சத்தம் போகும்.

நீங்கள் பின்னால் உட்கார்ந்தாலும் கூரைக்குள் உட்கார்ந்தால் காப்பு வேண்டும். சத்தம் முன்னால்தான் பலம், பின்னால் குறைவு என்பது உண்மை. ஆனால் எதிரொலி எல்லாப் பக்கமும் வரும், ஏற்கெனவே அடிபட்ட காது உங்களுடையது. ஒரு மஃப் போதும், ரேஞ்ச் வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மகளும் பிளக்கை ரேஞ்சுக்குள் நுழையும் முன்பே வைக்க வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. .22 குண்டின் மேல் ஈயம் இருக்கிறது. தோட்டாவைத் தொட்ட கையால் ஃபோமை உருட்டினால் ஈயத் தூள் பிளக்கில் ஒட்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிளக்கை எடுக்க வேண்டும். எடுக்கும்போது மெல்லத் திருகி எடுக்கச் சொல்லுங்கள், வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறையில் அழுத்தம் ஏறி வலிக்கும். ஃபோமைக் கழுவிப் போட வேண்டாம். அழுக்கானாலோ, உருட்டியபின் பழையபடி விரியாவிட்டாலோ தூக்கிப் போட வேண்டியதுதான்.

எண்ணெய்க் குளியல் நாளில் காதில் எண்ணெய் விடும் வழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பிளக் வழுக்கும், ஈரமும் எண்ணெயும் உள்ள துவாரத்தை அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பட்ஸ், ஹேர்பின் போட்டுக் குடைவதும் வேண்டாம். அழுக்கு நிறைய இருந்தால் முதலில் இ.என்.டி. மருத்துவரிடம் எடுத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பிளக் அதை இன்னும் உள்ளே தள்ளும். சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குணமாகும் வரை பிளக் கூடாது, அந்த நாட்களில் .22 பயிற்சியையே தள்ளிப் போடலாம், ஏர் பிஸ்டல் பயிற்சியைத் தொடரலாம்.

.22 தொடங்கும் முன்பே மகளுக்கு ஒரு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளந்து வரைபடமாகத் தரும் சோதனை, எடுத்துவிடுங்கள். 3,000, 6,000 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், வழக்கமான சோதனையில் அவை விட்டுப்போவதுண்டு. சோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் பலத்த சத்தமோ ஹெட்ஃபோனோ வேண்டாம். அதே நாளில் அவளுடைய பிளக்குகளையும் எடுத்துப் போங்கள். காதை முழுதாக மூடும் பெரிய கிண்ண ஹெட்ஃபோனோ, ஸ்பீக்கர் வைத்த சோதனை அறையோ இருந்தால், பிளக் இல்லாமல் ஒருமுறை, பிளக் வைத்து ஒருமுறை அளந்து, அவள் காதில் அது உண்மையில் எத்தனை டெசிபெல் குறைக்கிறது என்று காதுக்குக் காது சொல்லிவிட முடியும். இடது காதில் 12-ம் வலது காதில் 28-ம் வந்தால் எங்கே உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வருடம் ஒருமுறை ஆடியோகிராம்.

உங்களுக்கும் அதே சோதனை வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இரவில் கேட்கும் அந்த ‘ஙொய்’ சத்தத்தை முழுதாக நிறுத்தும் மாத்திரை இல்லை. ஆனால் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்று வரைபடத்தில் தெரியும், தேவைப்பட்டால் அதற்கேற்ற கருவியோ பயிற்சியோ தர முடியும். ஒரு காதில் மட்டும் கேட்கிறது அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கிறது என்றால் ஆடியோகிராமோடு நிறுத்தாமல் இ.என்.டி. மருத்துவரையும் பாருங்கள்.

மகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: சுட்டு முடித்ததும் காது அடைத்தது போல இருந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். அன்றைய பிளக் சரியாக இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். மறுநாளும் அது போகவில்லை என்றால், அல்லது ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால், ‘தானா சரியாயிடும்’ என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளுக்குள் இ.என்.டி. மருத்துவரிடம் போனால் ஸ்டீராய்டு சிகிச்சை தருவது பற்றி அவர் முடிவெடுக்க முடியும், நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.